ரங்கூன்காரர் வந்துவிட்டார்

தூத்துக்குடி
8-7-1946

கண்ணான மருமகள் ஜெபசெல்விக்கு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக என்று வேண்டிக்கொண்டு உன் தாய்மாமன் ஜீவமணி எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை கிருபாபாயும் சுகம். நீ நாசரேத்தில் ரயிலில் போட்டுவிட்ட புத்தகக் கட்டுகள் ஒரு சேதாரமும் இல்லாமல் வந்து சேர்ந்தன. நான் ஸ்டேஷனில் காலை வைத்ததும் போர்ட்டர்கள், "அண்ணாச்சி, ஒங்க மருமக பொஸ்தகமா?" என்று ஓடி வந்து ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். உன் அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "கைவண்டிக்காரன்கிட்ட சண்ட போட்டு வண்டிய இழுத்துட்டு வந்ததே நீங்கதான், இதுல நாற்காலி வேறயாக்கும்" என்கிறாள். அவளுக்கு எதையும் அழகாகச் சொல்லத் தெரியாது.

புத்தகம் பழுப்புக் காகிதம்தான். யுத்தம் முடிந்தும் நல்ல காகிதம் கண்ணில் படவில்லை, நீ என்ன செய்வாய். ஆனால் அட்டையில் "ரங்கூனுக்கு எழுதாத சேதிகள்" என்று பெரிய எழுத்தும், அதற்குக் கீழே "ஜெபசெல்வி கிருபாநிதி, ஆசிரியை, நாசரேத்" என்று சின்ன எழுத்தும் பார்த்தபோது எனக்கு மார்பு விம்மி சட்டைப் பொத்தான் தெறித்தது. நாலாங் கிளாஸோடு நின்றவன்தான் நான். அதனால்தான் மூளை தேயாமல் இருக்கிறது. ஒரே இருப்பில் படித்து முடித்தேன். (கோழி அடை வைத்ததை நீ எழுதியிருக்கிற பக்கத்தில் தூங்கிவிட்டேன் என்று அத்தை சொன்னால் நம்பாதே.)

கடைத்தெருவில் நோட்டுப் புத்தகம் விற்கிறவரிடம் கொண்டு போனேன். "பாட பொஸ்தகமா, பஞ்சாங்கமா, ஜெபப் பொஸ்தகமா?" என்று கேட்டார். மூன்றும் இல்லை என்றேன். "அப்ப யாருக்கு அண்ணாச்சி?" என்றார். "ஒமக்கில்ல வேய்" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொழும்புக்குப் போகிற கருப்பட்டிச் சிப்பத்துக்கு முப்பது வருஷமாகத் தரகு பேசுகிற வாய் இது. உன் புத்தகத்தை நானே கூவி விற்கிறேன். பீச் ரோட்டில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் திரும்பிப் பார்க்கும்.

உன் மாமன்
ஜீவமணி

நாசரேத்
14-7-1946

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து நாளாயிற்று.

கட்டுகளை நீங்களே சுமந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதுகு வலிக்கு அத்தையிடம் எண்ணெய் காய்ச்சித் தரச் சொல்லுங்கள்.

விற்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ரங்கூன் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதப் போனார். அங்கே நாற்பத்தொன்றில் குண்டு விழுந்த மார்கழிக்கு முன்னால் வந்ததுதான் கடைசித் தபால். அதன் பிறகு நான் எழுதினாலும் போகாது. எழுத நினைத்ததையெல்லாம் அன்றன்று குறித்து வைத்ததுதான் இந்தப் புத்தகம். ஓடு மாற்றியது, கோழி அடை வைத்தது, கிணறு வற்றியது. இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் அவருடைய பெயர், அங்க அடையாளம், வேலை பார்த்த ஆலை, என் விலாசம் எல்லாம் போட்டு, "இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒரு கார்டு எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மாமா இத்தனை பக்கமும். பர்மாவிலிருந்து திரும்புகிறவர்கள் ரயிலிலும் தோணியிலும் தூத்துக்குடிக்கு வருகிறார்கள் அல்லவா? அவர்கள் கைக்குப் போகட்டும்.

இங்கே குருவானவரும் என் மாமியாரும் நினைவு ஆராதனை வைத்து அவர் பெயரை வாசித்துவிடலாம் என்று மறுபடியும் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. இருக்கிறார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

ஆகையால் வாங்குகிறவர்களிடம் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

அன்புடன்
ஜெபசெல்வி

தூத்துக்குடி
7-8-1946

என் ராஜாத்தி மருமகளுக்கு, வெற்றிச் சேதியோடு மாமன் எழுதுவது.

ஏளா செல்வி, உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

முதல் இரண்டு வாரம் நீ சொன்னபடியே உள்ளதைச் சொன்னேன். ஈதான் ஓட்டினேன். சங்குக் கிடங்கு வாசலில் நின்றேன், ஸ்டேஷனில் நின்றேன். ஒருவர் வாங்கிப் புரட்டிவிட்டு, "கோழிக்கு என்ன ஆச்சின்னு வெளிய நின்னே படிச்சிட்டேன், இந்தாரும்" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது மாதா கோயில் திருவிழா வந்தது. நாம் வேதக்காரர்கள், அது கத்தோலிக்கர் கோயில் என்று அத்தை இழுத்தாள். வியாபாரத்துக்கு எந்தக் கோயில் வாசலும் வாசல்தான் என்று துண்டை உதறிக்கொண்டு போனேன்.

கடற்கரை ஊர் அத்தனையும் அங்கேதான். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று வண்டி வண்டியாகப் பெண்டுகள். ஒரு சொல் அகப்பட்டது எனக்கு. அந்த ஒரு சொல்லைக் கூவினேன், கூட்டம் என்மேல் சரிந்தது. தொழில் ரகசியம், உனக்கும் சொல்ல மாட்டேன். எழுத்துத் தெரியாதவள்கூட வாங்கினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றினாள், முத்தம் கொடுத்தாள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் கூட்டத்தை விலக்க வந்து, தானும் ஒன்று வாங்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார். சங்கு குளிக்கிறவர்கள் தோணியில் உன் புத்தகம் இல்லாமல் ஏறமாட்டேன் என்கிறார்களாம்.

இரண்டே கட்டு மீதி. உன் அப்பா இருந்தால் இன்றைக்கு என்னைக் கட்டிக்கொள்வார்.

உன் மாமன்
ஜீவமணி

நாசரேத்
18-8-1946

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மத்தியானம் மறுபடியும் படித்தேன். சந்தோஷம்தான். போலீஸ்காரரின் தொப்பியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. கோழியும் ஓடும் கிணறும் எழுதிய புத்தகத்தை ஏன் முத்தமிடுகிறார்கள்? எழுத்துத் தெரியாதவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களோ என்று நினைத்துப் பார்த்தேன். அப்படியானால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்.

தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நிற்கிறேன். இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு கார்டு போடவில்லை. "அந்த ஆலையை எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி வந்தாலும் போதும். கடைசிப் பக்கத்தை எடுத்துக் காட்டித்தானே கொடுக்கிறீர்கள்?

எப்படி விற்றீர்கள் என்று எழுதுங்கள் மாமா. ரகசியம் வேண்டாம்.

அன்புடன்
ஜெபசெல்வி

தூத்துக்குடி
27-8-1946

அன்பு மருமகளுக்கு ஆசீர்வாதம்.

கார்டு வரும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் முதலில் வீடு வாசலைப் பார்ப்பார்களா, பேனாவைத் தேடுவார்களா? நீ வாசலில் நின்று வெயில் காயாதே.

எப்படி விற்றேன் என்று கேட்கிறாய். உன் எழுத்துத்தான் விற்றது என்று வைத்துக்கொள். நான் வெறும் வாய். இப்போது அடுத்ததைக் கேள். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல் ஒருவர் பாதித் தோணிக்கு உப்பை இறக்கிவிட்டு உன் புத்தகத்தை ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார். ஆகையால் உடனே மறுபதிப்புப் போட வேண்டும். அட்டையில் ஒரு கப்பல் படம் வேண்டும், புகை நன்றாகத் தெரியவேண்டும். அதோடு இரண்டாம் பாகம் ஒன்று எழுது. மாப்பிள்ளை வந்து இறங்குகிறார், நீ வாசலில் நிற்கிறாய், அப்படி. எழுத்தில் வருவதற்கு யார் டிக்கெட் கேட்கப் போகிறார்கள்? ஜனங்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது செல்வி. நான் முகத்தைப் பார்த்து விற்கிறவன், எனக்குத் தெரியும்.

உன் அத்தை நாலு நாளாக என்னோடு பேசவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, வெயில்தான்.

உன் மாமன்
ஜீவமணி

நாசரேத்
22-9-1946

மாமா அவர்களுக்கு,

நேற்றுப் பள்ளிக்கூடம் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். பெயர் பிலோமி, புன்னைக்காயல் என்றாள். பாதி வழி நடந்தும் பாதி வழி வண்டியிலுமாக வந்திருக்கிறாள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு ஓலைப் பெட்டியில் கருவாடு.

"யக்கா, ரங்கூன் அண்ணன் இருக்காகளா?" என்று கேட்டாள்.

எந்த அண்ணன் என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரவுகதான். இந்தப் பொஸ்தகம் ரங்கூன்ல அவுக கைக்குக் கெடச்சி, படிச்சிட்டு மனசு தாங்காம கப்பலேறி வந்துட்டாகல்லா. திருவிழாவன்னைக்கி அந்த அண்ணாச்சி 'ரங்கூன்காரர் வந்துட்டாரு, ரங்கூன்காரர் வந்துட்டாரு'ன்னு கூவுனாகளே. வீட்ல வச்சிருந்தா போனவுக திரும்பி வந்துருவாகன்னாக. எங்கூட்டு ஆளு கொழும்புத் தோணியில போயி, போன ஐப்பசிக் காத்துல மாட்டுனவுக. தோணியும் வரல, ஆளும் வரல. வந்தவுகள ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டேன்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

மூட்டையை அவிழ்த்துப் புத்தகத்தைக் காட்டினாள். அட்டை முழுக்க மெழுகு சொட்டியிருந்தது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாளாம். அவள் தெருவில் நாலைந்து வீட்டில் அப்படித்தானாம். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பிளேடால் அறுத்திருந்தது. விரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை அவ்வப்போது துவைத்து மாட்டுவது உங்களுக்குத் தெரியும். அது ஈரமாக இருந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் என்ன சொல்ல. "சாத்தான்குளம் போயிருக்கிறார், வர நேரமாகும்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் போகவில்லை. கருவாட்டைக் குழம்பு வைத்தோம். "மெலிஞ்சிட்டாகளாக்கா?" என்றாள். மெலிந்துதான் வந்தார் என்றேன். "ராத்திரி தூக்கத்துல பயந்து கத்துதாகளா?" என்றாள். முதலில் கத்தினார், இப்போது இல்லை என்றேன். மீசை நரைத்துவிட்டது என்றேன். முன்னைப்போலப் பேசுவதில்லை, எந்நேரமும் எதையாவது தட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்றேன். ஒன்றும் யோசிக்கவில்லை மாமா. கேட்கக் கேட்க வந்தது. பேசி முடித்தபோது அவர் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அவள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிப் போனாள். நான் உள்ளே வந்து பார்த்தேன். குழம்பில் பாதியை அவருக்கென்று எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷங்களில் எனக்கென்று ஒன்றுதான் இருந்தது. தெரியாததைச் சொல்லாமல் இருந்தேன். அது நேற்றுப் போய்விட்டது. பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை, அது இனித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தை ஏன் அறுத்தீர்கள்? அவரைப் பார்த்த ஒருவர் கையில் அந்தப் புத்தகம் இருந்திருந்தால்? இனி ஒன்றும் விற்க வேண்டாம். மீதியை அனுப்பிவிடுங்கள். புன்னைக்காயலுக்குப் போய் அந்தப் பெண்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை. வாயால் வந்ததை வாயாலேயே எடுங்கள்.

ஜெபசெல்வி

தூத்துக்குடி
6-10-1946

மருமகள் ஜெபசெல்விக்கு,

மீதிக் கட்டுகளை நேற்று ரயிலில் போட்டுவிட்டேன். அறுத்த தாள்களையும் உள்ளே வைத்திருக்கிறேன். எறியவில்லை.

திருவிழாவில் முதலில் உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு கிழவி வந்து, "அவுக வந்துட்டாகளா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள். அவள் வீட்டில் யார் போய்த் திரும்பவில்லையோ. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வந்துட்டாரு என்றேன். பிறகு கூட்டம் கூடிவிட்டது. காலேஜில் படிக்கிற கண்ணாடிக்காரன் ஒருவன் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்து, "வந்தாருங்கீரு, காணோம்னு போட்டிருக்கே" என்றான். நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தக் கிழவி சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அறுத்தேன்.

புன்னைக்காயலுக்குப் போனேன். உன் அத்தையும் கூட வந்தாள், நான் வேறெதையாவது சொல்லிவிடுவேன் என்று. கோயிலுக்குப் பக்கத்தில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் பெண்டுகள் எல்லாரும் கூடினார்கள். சொன்னேன். என் மருமகள் வீட்டுக்காரர் வரவில்லை, நான் கூவியது பொய், புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று ஒரு அலங்காரமும் இல்லாமல் சொன்னேன்.

சிரிக்கிறார்கள் செல்வி. ஒருத்தி, "அண்ணாச்சிக்குப் பொஸ்தகம் தீந்துட்டு, திருப்பி வாங்கி இன்னொரு ஊர்ல விக்கப் போறாக" என்றாள். உன் அத்தை முன்னால் வந்து, "நெசமாத்தாம்மா, வரல" என்றாள். இந்த பிலோமி எழுந்து நின்று, "நா அவுக வீட்டுக்கே போயி சாப்ட்டுட்டு வந்தவ. அவுக தொவச்சுப் போட்ட சட்டையில ஈரம் காயல. அக்காவே சொன்னாக, மீச நரைச்சிட்டுன்னு. ஏன் அண்ணாச்சி, வந்த மனுசன வரலன்னு சொல்லுதிய? வாய் கூசலியா ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

யாரும் ஒரு புத்தகமும் தரவில்லை. கல்லறைத் திருநாள் கழிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து மாப்பிள்ளையைப் பார்க்க உன் வீட்டுக்கு வருகிறார்களாம். மீன் கொண்டு வருவார்களாம்.

ஒரு யோசனை. மாப்பிள்ளை மறுபடியும் வேலைக்குக் கப்பலேறிவிட்டார் என்று நான் போய்ச் சொல்லிவிட்டால் என்ன? நம்புவார்கள். நல்லவிதமாகச் சொல்லுவேன். உன் அத்தை பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். நீ சொல்லு, அதன்படி செய்கிறேன்.

மாமன்
ஜீவமணி

நாசரேத்
14-10-1946

மாமா அவர்களுக்கு,

கட்டுகளும் தாள்களும் வந்தன.

கப்பலேறிவிட்டார் என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் அவர்களும் என்னோடு சேர்ந்து அவருக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு அவரவர் ஆள் இருக்கிறது. வரவே இல்லை என்று நானே போய்ச் சொல்லலாம். பிலோமி என் முகத்துக்கு நேரே நம்பமாட்டாள். நம்பிவிட்டாலோ, அவளிடம் ஒன்றும் இருக்காது.

நேற்று ஆராதனை முடிந்ததும் குருவானவரைப் பார்த்தேன். வருகிற ஞாயிறு நினைவு ஆராதனையில் இவர் பெயரை வாசிக்கச் சொல்லிவிட்டேன். "தகவல் ஏதும் வந்ததாம்மா?" என்று கேட்டார். வந்தது என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. என் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது எம்மவனுக்காக அழவிட்டியே தாயே" என்று ரொம்ப நேரம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

புன்னைக்காயலுக்கு மீன்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று. அழுவார்கள். ஆனால் ஒருவர் வந்தார் என்பது அவர்களுக்கு மிஞ்சும். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று பிலோமி சொல்லிக்கொண்டிருப்பாள்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடுங்கள். நீங்கள் என் தாய்மாமன், வராவிட்டால் ஊர் கேட்கும். கோயிலில் பின் பெஞ்சில் உட்காருங்கள். எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம் மாமா. உங்களுக்கு அழகாகச் சொல்ல வரும். நீங்கள் சொல்லிக் கேட்டால் நான் அதையும் நம்பிவிடுவேன்.

ஜெபசெல்வி